கற்றோர் தலைமையும் களனிப் பள்ளத்தாக்கும்

எம்மிடம் பயின்று சென்ற மாணவர் ஒருவர் அண்மையில் எமக்கொரு கடிதம் எழுதியிருந்தார். தெஹியோவிட்டைக்கு அயலிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, பால்வெட்டும் தாயின் உழைப்பிலே படித்து, இன்று கொழும்பிலே கணக்காளராக உயர்ந்திருப்பவர் அவர். 'விழுமியங்களை அடிப்படையாகக் கொண்ட தலைமைத்துவம்' என்ற பெயரில் நடத்தப்படும் தோழமைத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், பழைய ஆசிரியர் என்ற முறையில் எமது நற்சான்று வேண்டுமென்றும் கேட்டிருந்தார். அவர் அனுப்பிய படிவத்தில், விண்ணப்பதாரரின் வாழ்க்கையை நெறிப்படுத்தும் விழுமியங்கள் யாவை என்றொரு வினா இருந்தது. நேர்மை, இரக்கம், துணிவு என்று மூன்று சொற்களை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புவது எளிது. அம்மாணவரிடத்து அவை உள்ளன என்பதில் எமக்கு ஐயமுமில்லை. ஆயினும் பேனாவைக் கையிலெடுத்த நாம் எழுதாமலே வைத்துவிட்டோம். கற்றுத் தேர்ந்தவர்கள் நல்ல விழுமியங்களோடு மக்கட் பணிக்கு வந்த வரலாறு ஒன்று நாம் வாழும் இப்பள்ளத்தாக்குக்கே உண்டு. அந்த வரலாற்றை எண்ணிப் பாராது அவ்வினாவுக்கு விடையெழுத எமக்கு மனம் வரவில்லை. அதனையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

இத்தகைய திட்டங்கள் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளன. ஐக்கிய அமெரிக்காவிலே ஆஸ்பென் நிறுவனம் 1997 ஆம் ஆண்டில் ஹென்றி கிரௌன் என்பாரின் பெயரால் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தத்தம் தொழிலிலே இளவயதில் வெற்றிகண்ட சிலரை ஆண்டுதோறும் தெரிந்தெடுத்து, இரண்டாண்டுக் காலத்திற் சில தடவைகள் ஒன்றுகூட்டி, பழைய தத்துவ நூல்களையும் சிந்தனையாளரின் எழுத்துக்களையும் வாசிக்கச் செய்து, நல்ல சமுதாயம் எத்தகையது என்று விவாதிக்க வைப்பது அதன் முறை. பின்னர் ஒவ்வொருவரும் ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு அதனைத் தீர்க்க ஒரு முயற்சியில் இறங்க வேண்டும். 2006 ஆம் ஆண்டில் இந்தியாவிலும் இதனையொத்த திட்டமொன்று தோன்றியது. பணமும் பதவியும் வந்தபின் இவை எதற்காக என்று ஒருவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நன்றே. அதனை எள்ளி நகையாடுவது எம் நோக்கமன்று. ஆனால் தோழமை என்னுஞ் சொல் எம்மைத் தடுத்து நிறுத்துகிறது. யாரோடு தோழமை? வெற்றிகண்டவர் வெற்றிகண்டவரோடு கொள்ளும் தோழமையா? அன்றி, எவருடைய துன்பத்தைத் தீர்க்கப் புறப்பட்டார்களோ அவரோடு கொள்ளும் தோழமையா?

பெயர் புதிதாயினும் பொருள் புதிதன்று. 1905 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள் பூனா நகரிலே கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். படித்தவர்களைத் தெரிந்து, ஐந்தாண்டு பயிற்சியளித்து, நாட்டுப் பணிக்கு வாழ்நாள் முழுவதையும் அளிக்கச் செய்வதே அச்சங்கத்தின் நோக்கம். தனக்கெனப் பொருள் தேடுவதில்லை என்றும், சாதிமத வேறுபாடு கருதாது யாவரையும் சகோதரராக மதிப்பதென்றும் அதன் உறுப்பினர் உறுதிமொழி எடுத்தனர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த சீனிவாச சாஸ்திரியார் 1907 இல் அப்பதவியைத் துறந்து இச்சங்கத்திற் சேர்ந்தார். கோகலே மறைந்தபின் அதன் தலைவருமானார். பதவியை வைத்துக்கொண்டு ஓய்வுநேரத்திற் சேவை செய்வதன்று அவர்கள் கண்ட வழி. பதவியை விடுவதே அங்கு நுழைவுக் கட்டணமாயிருந்தது.

இலங்கையிலும் இதற்குச் சமகால நிகழ்ச்சிகள் உண்டு. சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சையில் 1875 ஆம் ஆண்டிலேயே தேறிய முதல் இலங்கையரான சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1913 இல் ஓய்வுபெற்றபின் வீட்டிலே அமர்ந்திருக்கவில்லை. 1915 இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1919 இல், தோட்டத்திலே பிறந்து கேம்பிரிட்ஜ் வரை சென்று பாரிஸ்டராகத் திரும்பிய பெரி. சுந்தரத்தோடு இணைந்து தொழிலாளர் நலன்புரிச் சங்கமொன்றை அமைத்தார். வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம் என்றிருந்த 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை ஒழிப்பது அவர்களது முக்கிய கோரிக்கைகளுள் ஒன்று. 1920 களின் தொடக்கத்தில் அப்பிரிவுகள் நீக்கப்பட்டன. இது சிறிய வெற்றியன்று. எனினும் இவர்கள் தொழிலாளருக்காகப் பேசினார்களேயன்றித் தொழிலாளரைப் பேச வைக்கவில்லை. மனுக்கள் கொழும்பில் எழுதப்பட்டன. அவை சென்று சேர்ந்ததும் அதிகாரிகளின் மேசைகளையே. அம்மனுக்களில் யாருடைய வாழ்வு எழுதப்பட்டதோ அவர்கள் அன்று காலைப் பெரட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

தஞ்சையிலே ஆசிரியராயிருந்து பத்திரிகைத் தொழிலுக்கு வந்த கோ. நடேசய்யர் இதனின்றும் ஒருபடி மேலே சென்றார். 1915 இல் இலங்கைக்கு வந்தபோது தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவது குற்றமாயிருந்தமையால், துணி வியாபாரியாக வேடமிட்டு அவர் உள்ளே சென்று பார்த்ததாகக் கூறுவர். 'தேச நேசன்', 'தேச பக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1931 இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களிலே பாட்டுப்பாடித் தொழிலாளரைத் திரட்டினார். கற்றவரின் எழுத்து கல்லாதாரின் செவிக்குச் செல்ல ஒரு பெண்ணின் குரல் வேண்டியிருந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இனி எம் பள்ளத்தாக்குக்கு வருவோம். சீதாவாக்கை ஆறு தெரணியகலை மலைகளிலிருந்து இறங்கித் தெஹியோவிட்டையைக் கடந்து அவிசாவளைக்கு அண்மையிற் களனி கங்கையோடு கலக்கிறது. ஆற்றங்கரையிலும் வயலோரத்திலும் சிங்களக் கிராமங்கள்; அவற்றுக்கு மேலே சரிவுகளில் இறப்பரும் தேயிலையும்; இடையிடையே தமிழர் வாழும் லயங்கள். மழைக்குப் பெயர்போன இப்பிரதேசத்திலே 1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகப் பெருக்கெடுத்தோடும் களனி கங்கையும் மா ஓயாவும் வற்றிக் குட்டைகளாயின. ஓடும் நீரிலே அடித்துச் செல்லப்பட வேண்டிய நுளம்புக் குடம்பிகள் அக்குட்டைகளிலே பெருகின. உலர்வலய மக்களுக்கு மலேரியா ஆண்டுதோறும் பழகிய நோய். அதனால் அவர் உடல் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தது. ஈரவலயத்து மக்களுக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் மாதமளவிற் காய்ச்சல் கொள்ளைநோயாக வெடித்தது. ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிலே சுமார் 15 இலட்சம் பேரை அது பீடித்தது. 1935 ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. 1935 இல் உயிரோடு பிறந்த ஆயிரங் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் எமது கேகாலையும் ஒன்று.

நுளம்பு மட்டுமே இத்தனை பேரையும் கொன்றது என்று கூறுதல் பொருந்தாது. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இறப்பரின் விலையையும் தெங்கின் விலையையும் வீழ்த்தியிருந்தது. பல தோட்டங்களிற் பால்வெட்டு நின்றது. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். தோட்டத்திற் கிடைத்த கைவேலையை நம்பியிருந்த சிங்களக் கிராமத்தவனும் வேலையிழந்தான். நோய் வந்தபோது உடலிலே அதனைத் தாங்கும் வலு இருக்கவில்லை.

இவ்வேளையிலேதான் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் இப்பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது. சூரிய மல் இயக்கத்தவர் என அவர்களை மக்கள் அறிந்தனர். சூரிய மல் என்பது நம் பூவரசம்பூவே. முதலாம் உலகப்போரின் நினைவாக நவம்பர் 11 ஆம் நாளிலே விற்கப்பட்ட பொப்பி மலருக்கு எதிராக இந்நாட்டுப் பூவை விற்கும் வழக்கம் 1926 இல் தோன்றியது. பொப்பி விற்ற பணம் பிரித்தானியாவுக்குச் செல்ல, உள்நாட்டுப் போர்வீரர் புறக்கணிக்கப்பட்டமையே அதற்குக் காரணம். 1933 இல் வாலிபர் சங்கங்கள் அதனை ஏகாதிபத்திய எதிர்ப்பியக்கமாகப் புதுப்பித்தன. ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபராயிருந்த டொரீன் யங் என்னும் ஆங்கிலப் பெண்மணி அதன் முன்னணியில் நின்றார். அவர் கணவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க மருத்துவர்; அரசாங்க சபை உறுப்பினர். என். எம். பெரேரா இலண்டன் பொருளாதாரக் கல்லூரியிலே ஹரோல்ட் லாஸ்கியிடம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர். கொல்வின் ஆர். டி சில்வா வரலாற்றிற் கலாநிதி, வழக்கறிஞர். பொரலுகொட ஊரவரான பிலிப் குணவர்த்தன அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பயின்றவர். இன்றைய தோழமைத் திட்டங்கள் தேடும் தகுதிகள் அனைத்தும் இவர்களிடம் இருந்தன. இவர்களை எவரும் தெரிவுசெய்யவில்லை. மலேரியா அழைத்தது, வந்தார்கள்.

மருந்தும் உணவும் சுமந்துகொண்டு தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றனர். கொயினா கொடுத்தும் நோயாளர் எழுந்திருக்கவில்லை என்பதை அங்குக் கண்டனர். வயிற்றிலே ஒன்றுமில்லாதவனுக்குக் கொயினா மட்டும் என்ன செய்யும்? மார்மைட் என்னும் சத்துப்பொருளை உருண்டைகளாக்கி மக்களுக்குக் கொடுத்தார்கள். அந்த உருண்டை எமது பள்ளத்தாக்கின் அரசியல் வரலாற்றிலே ஒரு திருப்பம் என்று நாம் கருதுகிறோம். காய்ச்சல் ஏன் வந்தது என்ற கேள்வி, காய்ச்சல் ஏன் இவனைக் கொன்றது என்ற கேள்வியாக அங்கே மாறியது. முதற் கேள்விக்கு விடை நுளம்பு. இரண்டாவதற்கு விடை பசி. பசிக்குக் காரணந் தேடினால் நிலம் யாருடையது, கூலியைத் தீர்மானிப்பவர் யார் என்பன போன்ற கேள்விகள் தாமாகவே எழும். 1935 டிசம்பர் 18 ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி உருவானபோது அதன் கோரிக்கைகளிற் குறைந்தபட்ச வேதனமும், பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசப் பாலும், நீதிமன்றங்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் மக்களின் மொழிகளைப் பயன்படுத்தலும் இடம்பெற்றமை தற்செயலன்று.

1936 இல் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தது. 1931 இல் ருவான்வெல்லைத் தொகுதியின் உறுப்பினராக வந்தவர் மீதெனிய அதிகாரம். அவர் மறைந்ததும் அவர் மகள் அடலின் மொலமுரே அவ்விடத்துக்கு வந்தார். அவர் அச்சபையில் அமர்ந்த முதற் பெண்மணி என்பது உண்மையே. எனினும் தொகுதி நிலப்பிரபுக் குடும்பத்தின் முதுசமாகவே கைமாறியது. 1936 இல் அதே தொகுதி மக்கள் என். எம். பெரேராவைத் தெரிந்தனர். அயற்றொகுதியான அவிசாவளை பிலிப் குணவர்த்தனவைத் தெரிந்தது. சாதியாலும் நிலத்தாலும் வந்த தலைமையின் இடத்திலே, தொண்டாலும் கல்வியாலும் வந்த தலைமை அமர்ந்தது. சர்வசன வாக்குரிமை 1931 இல் வந்திராவிடின் இது நடந்திராது.

அடுத்த சில ஆண்டுகளில் இத்தலைமை தோட்டங்களுக்குள்ளும் ஏறியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதுபற்றிய விசாரணையிலே தொழிலாளர் பக்கம் நின்று வாதிட்டவர் கொல்வின். ஊவாவின் தோட்டங்களில் அவ்வாண்டு எழுந்த வேலைநிறுத்த அலையிலும் சமசமாஜத் தொழிற்சங்கம் முன்னின்றது. அதே ஆண்டு ஜூனில் என். எம்., பிலிப், கொல்வின் ஆகியோர் சிறையிடப்பட்டனர். 1942 ஏப்ரலிற் சிறையிலிருந்து தப்பினர். கலாநிதிப் பட்டத்தை வைத்து அவர்கள் எத்தனையோ சுகங்களை விலைக்கு வாங்கியிருக்கலாம். அவர்கள் வாங்கியது சிறை. இத்தியாகத்தைக் குறைத்து மதிப்பிடுவோர் வரலாற்றுக்கு அநீதி இழைப்பவராவர்.

சுதந்திரம் வந்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. ஆசிரியராயிருந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்றார். வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தமிழரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைசெய்தன. அதற்குப் பதில் உடனேயே வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. இடதுசாரித் தலைவர்கள் அன்று இவற்றைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பால் சிங்களத் தொகுதிகளில் அவர்களுக்கு ஒரு வாக்கும் கூடியிராது, குறைந்திருக்கவே இடமுண்டு. விழுமியத்தின் பெயரால் நின்றார்கள் என்று கூற இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோதும் சம அந்தஸ்துக் கொள்கையைக் கைவிடாது நின்றார்கள்.

பின்னர் என்ன நிகழ்ந்தது? 1964 ஜூனிற் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்திற் சேர்ந்தது. என். எம். நிதியமைச்சரானார். அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 9,75,000 மக்களின் தலைவிதி இரு பிரதமர்களிடையே பங்கிடப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. அம்மக்களுள் எவரையும் எவரும் கேட்கவில்லை. 1966 ஜனவரியிலே தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராகக் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்திற் சமசமாஜக் கட்சியும் பங்குகொண்டது. பத்தாண்டுகளுக்கு முன் சம அந்தஸ்துக்காகக் கல்லடி பட்ட கட்சி அது.

1970 இல் அத்தலைவர்கள் மீண்டும் அமைச்சர்களாயினர். என். எம். நிதிக்கு; கொல்வின் பெருந்தோட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும். சிங்களத்தை அரசகரும மொழியாக உறுதிசெய்த 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொல்வினின் கைவண்ணம். 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறின. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. கிராமத்தவனுக்குக் காணித்துண்டும் மரவள்ளிச் செடியும் இருந்தன. லயத்தில் வாழ்ந்தவனுக்குப் பங்கீட்டைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. 1974 இல் தோட்டங்களில் இறப்பு வீதம் வெகுவாக உயர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே மலைகளின் அடிவாரத்திலே, பசித்தவனுக்குக் கொயினா மட்டும் போதாது என்று கண்டு மார்மைட் உருட்டிக் கொடுத்த இயக்கத்திலிருந்து வந்தவர்கள் அப்போது அமைச்சரவையில் இருந்தார்கள்.

இதனை நாம் வெற்றிக்களிப்போடு எழுதவில்லை. உலக நெருக்கடியை உண்டாக்கியவர்கள் அவர்களல்லர். காணிச் சீர்திருத்தமும் 1975 ஆம் ஆண்டுத் தோட்டத் தேசியமயமும் அதே ஆட்சியின் செயல்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1964 இல் கூட்டரசாங்கத்தை எதிர்த்துக் கட்சியை விட்டு வெளியேறியவர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான பாலா தம்பு, விவசாயத் திணைக்களத்திற் பணியாற்றி 1947 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தாற் பதவியிழந்தவர். 1948 இல் ஏற்றுக்கொண்ட தொழிற்சங்கப் பொறுப்பை 2014 இல் இறக்கும்வரை சுமந்தார். ஆகவே 'எல்லோரும் இப்படித்தான்' என்று கைகழுவிவிடுதல் ஆராய்ச்சியாகாது. சிறைக்கு அஞ்சாதவர்கள், பதவிக்கு ஆசைப்பட்டு மாறினார்கள் என்று மட்டும் கூறுவதும் எமக்கு நிறைவளிக்கவில்லை. காரணத்தை அவர்களின் நெஞ்சுக்குள்ளே தேடாமல் வெளியிலே தேடுவோம்.

1936 இல் என். எம். பெரேராவைச் சபைக்கு அனுப்பியவர்கள், அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பும் வல்லமை உடையவர்கள். நோயுற்றிருந்தபோது மருந்து பெற்றவர்கள், எழுந்தபின் வாக்காளராக அவர்முன் நின்றார்கள். தோட்டத் தமிழருள்ளும் ஒரு பகுதியினருக்கு அன்று வாக்கிருந்தது. 1949 க்குப் பின் நிலைமை வேறு. கிராமத்தவன் கேள்வி கேட்டான்; தலைவர் விடையளித்தார். மலைமேல் இருந்தவன் கேள்வி கேட்கும் தகுதியையே இழந்துவிட்டான். அவனுக்காக நிற்பது தலைவரின் நல்லெண்ணத்தை மட்டுமே பொறுத்ததாயிற்று. அந்நல்லெண்ணம் 1948 இல் நின்றது; 1956 இலும் நின்றது. பதினைந்து ஆண்டுகள் நின்றதே பெரிது. ஆனால் விடையளிக்க வேண்டிய கட்டாயம் ஒருபுறத்திலும், நல்லெண்ணம் மறுபுறத்திலும் நாளெல்லாம் இழுத்தால் எது வெல்லும் என்பதற்கு எமது பள்ளத்தாக்கே சான்று. ருவான்வெல்லையிலும் பின்னர் எட்டியாந்தோட்டையிலும் வென்றுவந்த என். எம். 1977 இல் தோற்றார். 1979 இற் காலமானார். அவரைத் தோற்கடித்தவர்கள் வாக்குடையவர்கள். 1974 இற் பசியாற் செத்தவர்களிற் பெரும்பாலாருக்கு அவரைக் கேட்க ஒரு வாக்கும் இருந்ததில்லை.

எனவே, தலைவனின் விழுமியம் அவன் மனத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று. யாருக்காக அவன் உழைக்கிறானோ அவர் கையிலே அவனைக் கேட்கும் உரிமை இருக்கும்வரையே அது உறுதியாக நிற்கும். நல்லவர்களைத் தெரிந்து, நல்ல நூல்களைப் படிக்கச் செய்து, நல்ல விவாதம் நடத்தும் திட்டங்களில் நாம் காணும் குறை இதுவே. அவற்றிலே தலைவர்கள் தம்முள் ஒருவரையொருவர் வினாவுகிறார்கள். தலைமை தாங்கப்படுவோர் அம்மண்டபத்துக்குள் இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி அங்கு வந்து, 'ஐயா, போன வருஷம் எங்களுக்காக என்று சொல்லிச் செய்தீர்களே, அது என்ன ஆயிற்று?' என்று கேட்க வழியில்லை. 1935 இன் தொண்டர்கள் பிலேட்டோவைப் படிக்காதவர்களல்லர். ஆனால் அவர்களை உருவாக்கியது படிப்பு மட்டுமன்று. பாயிலே நடுங்கிக் கிடந்தவன் எழுந்து வாக்களித்தான் என்பதும் அவர்களை உருவாக்கியது.

தோட்டங்களுக்குள்ளேயே பிறந்த கற்றோர் தலைமையும் இதற்கிடையில் வளர்ந்தது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியிற் பணியாற்றிய இர. சிவலிங்கம் அறுபதுகளில் மலையக இளைஞரிடையே புதிய விழிப்பை உண்டாக்கினார். 1983 க்குப் பின் தமிழகம் சென்று, நீலகிரியிலே தாயகம் திரும்பியோரிடையே உழைத்தார். தன் மக்கள் எங்கே தூக்கியெறியப்பட்டார்களோ அங்கேயே சென்று நின்ற ஆசிரியர் அவர். சப்ரகமுவவிலோ நிலைமை இன்னும் கடினம். நுவரெலியாவைப் போல நாம் ஒரு மாவட்டத்திற் பெருந்தொகையினராக வாழவில்லை. கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்கிறோம். 1977 இலும் 1983 இலும் அச்சிதறலின் விலையைக் கொடுத்தோம். இலவசக் கல்வி 1945 இல் நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் முகாமையின் கையிலேயே கிடந்தன. எழுபதுகளிலேதான் அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. நாடற்றோர் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. ஆகவே எம் மாணவரின் தலைமுறையே, பிறக்கும்போது இல்லாத உரிமையை வளரும்போது தன் கண்முன் பெற்றுக்கொண்ட தலைமுறை. பட்டம் பெற்றவர்களாக அவர்கள் இப்போதுதான் வெளிவருகிறார்கள்.

அவர்கள் பட்டம் பெற்றதும் எங்கே செல்கிறார்கள் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அவர்களைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. லயத்தின் பத்தடி அறையை விட்டு வெளியேறுவதற்காகவே அவர்கள் தாய் கூட்டுக்கத்தியோடு விடியுமுன் மலையேறினாள். வெளியேறு என்று சொல்லிக்கொடுத்தவர்களும் நாமே. ஆனால் வெளியேறியவர் 'தலைவர்' என்ற பட்டத்தோடு திரும்பி வரும்போது, அவரை நிறுத்திக் கேள்வி கேட்க லயத்திலுள்ளோர்க்கு நாம் கற்றுக்கொடுத்தோமா? இல்லை. மாலையிட்டு வரவேற்கவும், மேடையில் அமர்த்தவும், அவர் தரும் பாடசாலைப் பையை இரு கைகளாலும் வாங்கவுமே கற்றுக்கொடுத்தோம். இக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

எம் மாணவருக்கு நற்சான்று எழுதினோம். அவர் நேர்மையானவர் என்றும், பத்தாம் வகுப்பிற் படிக்கும்போதே தன் லயத்துப் பிள்ளைகளுக்கு மாலையிற் கணக்குச் சொல்லிக் கொடுத்தார் என்றும் எழுதினோம், இரண்டும் உண்மை. அதனோடு அவருக்குத் தனியே ஒரு கடிதமும் எழுதினோம். திட்டத்திற் சேர்ந்து கற்க வேண்டியதைக் கற்கட்டும். ஆனால் ஆண்டுக்கொருமுறை, அவர் தாய் வாழ்ந்த தோட்டத்துப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வரவேண்டும். மேடையில் அன்று, பெற்றோர் அமரும் வாங்கிலே அமரவேண்டும். தாம் மேற்கொண்ட பணி எவ்வளவு நடந்தது, எவ்வளவு நடக்கவில்லை, எவ்வளவு பணம் செலவாயிற்று என்று கணக்குச் சொல்ல வேண்டும். பால்வெட்டும் பெண்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். கணக்காளருக்கு இது புதிய வேலையன்று.

அக்கூட்டத்திற்கு அப்பெண்களைத் தயார்செய்வது எம் வேலை. இதனை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் தத்தம் ஊரில் இதனையே தொடங்கலாம். இதற்கு நிதியும் வேண்டியதில்லை, நிறுவனமும் வேண்டியதில்லை. 1949 இற் பறிக்கப்பட்டு, அரை நூற்றாண்டின் பின் திரும்பக் கிடைத்த உரிமை வாக்குச்சீட்டோடு முடிந்துவிடுவதன்று. தமக்காக உழைப்பதாகக் கூறும் எவரையும், அவர் எத்துணை நல்லவராயினும், கேள்வி கேட்பதும் அவ்வுரிமையுள் அடங்கும். அதனைப் பயன்படுத்தும் மக்கள் இருந்தாலன்றி, நாளை வரும் கற்றோர் தலைமையும் மலையடிவாரம்வரை வந்து நின்றுவிடும்.